பிரிஸ்டல் இரவுப் பந்தயத்துக்கு மாமியையும் சிறுபிள்ளையையும் அழைத்துச் செல்லலாமா?

உவர்மலை எழுதியது:

அன்பின் உறவுகளுக்கு வணக்கம். நாங்கள் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறோம். என் கணவரின் தம்பி குடும்பத்தோடு அமெரிக்காவின் சார்லட் நகரில் இருக்கிறார். வருகிற செப்டெம்பரில் எங்களைத் தம்மிடம் வரும்படி அழைத்திருக்கும் அவர், டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் மோட்டார் ஸ்பீட்வே என்ற தடத்தில் நடக்கும் நாஸ்கார் கார்ப் பந்தயத் தொடரின் இரவுப் பந்தயத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் மோட்டார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. சித்தப்பாவின் அழைப்பைக் கேட்டதும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க அவனே முதலில் வெளிக்கிட்டு நின்றான்.

தயக்கம் முழுவதும் எனக்குத்தான். எங்களோடு ஆறு வயது மகளும், எழுபதைத் தாண்டிய மாமியும் வருகிறார்கள். மாமிக்கு முழங்கால் வலி உண்டு. கோணேசர் கோயில் ஏற்றத்தை இடையிடையே நின்று நின்றுதான் ஏறுவார். வலது காதில் கேட்டல் கருவி அணிகிறார். பந்தயம் சனிக்கிழமை இரவில் வருகிறது. அது புரட்டாதிச் சனியாக இருப்பதால் அன்று அவருக்கு விரதம். மகளோ வீதியால் வெடி கொளுத்திக்கொண்டு போனாலே காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடுகிற பிள்ளை.

இவற்றையெல்லாம் விட என் மனத்தை அரிப்பது வேறொன்று. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்ததும், அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கார்ப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தச் செய்திதான் கண்முன் வருகிறது. மைத்துனரிடம் கேட்டால், "அது வேறு, இது வேறு அண்ணி" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எப்படி வேறு என்று சொல்வதில்லை.

ஆகவே, நேரில் போய்ப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வயதினரை அங்கே அழைத்துச் செல்வது முறையா? எந்தப் பகுதியில் இருக்கை எடுக்க வேண்டும்? சத்தத்துக்கு என்ன செய்வது? மழை வந்தால் என்ன ஆகும்? போவதா விடுவதா என்பதை நான் முடிவு செய்த பிறகுதான் மைத்துனர் நுழைவுச்சீட்டு எடுப்பார்.


வில்லூன்றியான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பிறந்து வளர்ந்தது திருகோணமலை; இப்போது வட கரோலினாவில் இருக்கிறேன். என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்திலேயே அவர்களைப் பிரிஸ்டலுக்குக் கூட்டிச் சென்றிருப்பதால், உங்கள் கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்கு விடை தர முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. 1961இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் ஒரு சுற்று 0.533 மைல், அதாவது ஏறக்குறைய 860 மீற்றர் மட்டுமே. 1992 முதல் அது கொங்கிரீட் தடமாக இருக்கிறது. வளைவுகள் 24 முதல் 28 பாகை வரை உட்புறமாகச் சரிந்திருக்கின்றன. சுற்றிவர நான்கு பக்கமும் இருக்கைகள் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்பதால், ஒரு பெரிய தாச்சியின் விளிம்பில் இருந்துகொண்டு அதன் அடியை எட்டிப் பார்ப்பது போலிருக்கும். ஒரு கார் ஒரு சுற்றை 15, 16 செக்கனில் முடித்துவிடும். பெரிய தடங்களில் கார் ஒருமுறை கடந்து போனால் பிறகு அது மறுபக்கத்தால் வரும் வரை காத்திருக்க வேண்டும். இங்கே அப்படியல்ல, எந்த இருக்கையில் இருந்தாலும் முழுத் தடமும் எப்போதும் கண்ணுக்குள் இருக்கும். சிறுவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். போதாததற்கு, தடத்தின் நடுவே கம்பிவடங்களில் தொங்கும் நான்கு முகத் திரை ஒன்றை 2016இல் பொருத்தியிருக்கிறார்கள். தவறவிட்ட மோதலை அதில் மறுபடியும் பார்க்கலாம்.

மோதல் என்று சொன்னது காரணத்தோடுதான். தடம் குறுகியது, முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. முன்னால் போகிறவன் வழி விடாவிட்டால் பின்னால் வருகிறவன் மெதுவாக ஒரு இடி கொடுத்து அவனை மேலே தள்ளிவிட்டுக் கீழால் முந்துவான். 1999 இரவுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் இப்படித்தான் டெரி லபொன்டேயை இடித்துச் சுழற்றிவிட்டு வென்றார். அரங்கில் பாதிப்பேர் கூக்குரலிட்டுத் திட்டினார்கள், மீதிப்பேர் ஆர்ப்பரித்தார்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றி இன்றும் அங்கே இரண்டு கட்சியாக நின்று வாதாடுவார்கள். உங்கள் மகன் போவதற்கு முன் அதன் காணொளியைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தால், பக்கத்து இருக்கையில் இருக்கும் வெள்ளைக்காரத் தாத்தாவோடு பேசுவதற்கு அவனுக்கு ஒரு விடயம் இருக்கும்.

இனி இருக்கை. மலிவாகக் கிடைக்கிறதென்று கீழ்வரிசையை எடுக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கீழே இருந்தால் கம்பிவேலி பார்வையை மறைக்கும். டயரிலிருந்து கழன்று தெறிக்கும் இறப்பர்த் துகள் தலைமயிரிலும் சாப்பாட்டிலும் வந்து விழும். சத்தமும் அங்கேதான் கடுமை. மேல்வரிசைகளில் இருந்தால் பந்தயம் முழுவதும் விளங்கும். ஆனால், படிகள் மிகவும் செங்குத்தானவை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமி சாதாரண இருக்கையில் ஏறி இறங்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். நடமாடச் சிரமப்படுவோருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகள் உண்டு. அவற்றை இணையத்தில் தேடிக் கண்ணைக் கெடுக்காமல், மைத்துனர் நேரடியாக ஸ்பீட்வேயின் நுழைவுச்சீட்டுப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, "முழங்கால் வலியுள்ள முதியவர், கூடவே ஒரு சிறுபிள்ளை" என்று சொல்லிக் கேட்பதே நல்லது. அதற்கேற்ற வாகனத் தரிப்பிடத்தையும் அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

சார்லட்டிலிருந்து பிரிஸ்டலுக்குக் காரில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகும். மலைப்பாதையால் போனால் காட்சி அழகுதான், ஆனால் பிள்ளைக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் அந்த வளைவுகள் வேண்டாம். 77ஆம் இலக்க நெடுஞ்சாலையால் வடக்கே வர்ஜீனியாவின் வைத்வில் வரை போய், அங்கிருந்து 81ஆம் இலக்கத்தால் தென்மேற்கே இறங்குங்கள். பந்தயம் இரவு ஏழரை மணியளவில் தொடங்கும். 500 சுற்று, அதாவது 266.5 மைல், ஓடி முடிய ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் செல்லும்; தரிப்பிடத்திலிருந்து வெளியேறவே நள்ளிரவாகிவிடலாம். அதன் பிறகு அந்த இருட்டில் சார்லட் வரை ஓட்டுவோம் என்று மைத்துனர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிஸ்டலில் அந்த வார இறுதியில் விடுதி அறைகளின் விலை தலையைச் சுற்றவைக்கும். ஜோன்சன் சிற்றி, கிங்ஸ்போர்ட், வர்ஜீனியாப் பக்கம் அபிங்டன் ஆகிய ஊர்களில் இப்போதே பார்த்து வைத்தால் ஓரளவு நியாயமாகக் கிடைக்கும்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தகைய தடத்தில் மழைக்குள் ஓட மாட்டார்கள். கார்களின் டயர் வழுவழுப்பானது, சரிந்த கொங்கிரீட் நனைந்தால் பிடிமானமே இருக்காது. மழை சிறிது நேரம் பெய்து ஓய்ந்தால் தடத்தைக் காயவைத்துத் தொடர்வார்கள். ஓயாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பார்கள். 2016 ஓகஸ்டில் சனிக்கிழமை இரவுப் பந்தயம் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. எனவே, ஞாயிறு இரவும் விடுதியில் தங்கக்கூடிய விதமாக ஒழுங்கு செய்யுங்கள். நாடு திரும்பும் விமானத்தைப் பந்தயத்துக்கு மறுநாள் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. செப்டெம்பரில் அங்கே இரவு ஏழரை மணி என்றால் திருகோணமலையில் மறுநாள் அதிகாலை ஐந்து மணி. வந்து இறங்கிய இரண்டொரு நாளில் பந்தயத்துக்குப் போனால் உங்கள் மகள் முதற் சுற்றுக்கு முன்பே மடியில் தூங்கிவிடுவாள், பிறகு அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பி அழுவாள். பந்தயத்துக்கு ஒரு வாரமாவது முன்னதாக வந்து சேருங்கள். இரவில் குளிரும், நம்மூர் வெயிலில் பழகிய உடம்புக்கு ஒரு தடித்த மேற்சட்டை கட்டாயம் வேண்டும்.


நிலாவெளி எழுதியது:

தங்கச்சி, சத்தத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் தொழில். ஊரில் தாதியாக இருந்து, இப்போது ரொறன்ரோவில் கேட்டல் பரிசோதனைப் பிரிவொன்றில் வேலை செய்கிறேன்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவுப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் எட்டு மணித்தியாலம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணித்தியாலந்தான். கார்ப் பந்தய அரங்குகளில் சத்தம் இந்த நூறை இலகுவாகத் தொடும். பிரிஸ்டலில் கொங்கிரீட்டும் சுற்றிவர எழும்பிய இருக்கைகளும் சத்தத்தை வெளியே விடாமல் திருப்பி அடிப்பதால் அது இன்னும் மோசம். மூன்று மணித்தியாலம் வெறுங்காதோடு இருந்தால் பெரியவர்களுக்கே காதுக்குள் இரைச்சல் தொடங்கும். சிலருக்கு அது போகாமலே நின்றுவிடும்.

மகளுக்குக் காதை முழுவதுமாக மூடும், தலைக்கு மேலால் பட்டி போகும் காதுமூடிதான் சரி. சிறுவர் அளவில் தனியாக விற்கிறார்கள். ஆறு வயதுக் காதுத்துவாரம் மிகச் சிறியது. பஞ்சு போன்ற காதடைப்பானை அதற்குள் வைத்தால் அரை மணித்தியாலத்தில் கழன்று விழும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். காதுமூடியைப் பந்தய வாசலில் வைத்துக் கையில் கொடுக்காமல், ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி வீட்டில் போட்டுப் பழக்குங்கள். வெடிக்கு ஓடுகிற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளை, சத்தம் குறைகிறது என்பதைத் தன் காதாலேயே அறிந்துகொண்டால் பயத்தைப் பாதி விட்டுவிடும். தோசைக்கு அரைக்கும்போது போட்டுவிடுங்கள், தானே சிரிக்கும்.

பெரியவர்களும் மகனும் பஞ்சு அடைப்பானை உள்ளே வைத்து அதற்கு மேல் காதுமூடியும் அணியலாம். அடைப்பானைச் சும்மா காதுவாசலில் செருகினால் பயனில்லை. இரண்டு விரலால் உருட்டி மெல்லிய திரியாக்க வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே தள்ளி, அது விரிந்து நிரம்பும் வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். வெளியே பெரும்பகுதி தெரிந்தால் அது சரியாகப் போகவில்லை. உங்கள் குரலே உங்களுக்குக் குகைக்குள்ளிருந்து கேட்பது போல் மாறினால் சரி.

மாமியின் கேட்டல் கருவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கருவியை நிறுத்திவிட்டுக் காதிலேயே வைத்திருந்தால் அது அடைப்பானாக வேலை செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நம்பக்கூடாது. வாசலுக்கு வருமுன் கருவியைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரண்டு காதுக்கும் அடைப்பானும் மூடியும் போட வேண்டும். மிஞ்சியிருக்கும் கேட்டலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வயது அது. அவருடைய காது மருத்துவரிடம் போவதற்கு முன் ஒருமுறை காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.


சாம்பல்தீவு எழுதியது:

எல்லோரும் எப்படிப் போவது என்று சொல்கிறீர்கள். எப்போது போவது என்பதை யாரும் கேட்கவில்லை. பிரிஸ்டலில் நாஸ்காரின் முதற்தரப் பந்தயம் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒன்று இந்தச் செப்டெம்பர் இரவுப் பந்தயம். மற்றது வசந்த காலத்தில், அண்மைய ஆண்டுகளில் ஏப்ரலில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஓடுவது. ஏப்ரலில் நமது பாடசாலைகளுக்கு விடுமுறை. செப்டெம்பரில் போனால் மகன் வகுப்பைத் தவறவிட வேண்டும். புரட்டாதிச் சனி விரதத்தோடு மாமி நள்ளிரவு வரை கண்விழித்து இருக்க வேண்டும். பகற் பந்தயமென்றால் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பலாம், தூக்கமும் கெடாது. வசந்தப் பந்தயத்துக்குக் கூட்டமும் குறைவு. இருக்கையைத் தெரிவு செய்ய இடமிருக்கும்.

2021 முதல் 2023 வரை அந்த வசந்தப் பந்தயத்தைக் கொங்கிரீட்டுக்கு மேல் மண்ணைக் கொட்டி ஓடவிட்டார்கள். அந்தப் புழுதிக்குள் போகும்படி நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். 2024இல் மீண்டும் கொங்கிரீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த ஆண்டுப் பந்தயத்தில் டயர்கள் எதிர்பார்த்ததை விட வேகமாகத் தேய்ந்து, முதலிடம் 54 முறை கைமாறியது. குறுந்தடப் பந்தயங்களில் அது சாதனை. அதே ஆண்டு செப்டெம்பர் இரவுப் பந்தயத்திலோ கைல் லார்சன் என்ற ஒரே சாரதி 500 சுற்றுகளில் 462 சுற்றுகளுக்கு முன்னணியில் இருந்தார். "இரவுப் பந்தயந்தான் பந்தயம்" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சித்திரைப் புத்தாண்டு அன்று ஊரில் இருக்க முடியாமற் போகலாம் என்பதொன்றே குறை. அதை மைத்துனர் வீட்டில் கொண்டாடினால் போயிற்று.


வில்லூன்றியான் எழுதியது:

சாம்பல்தீவு அண்ணா சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் இரவுப் பந்தயத்தை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட என்னால் முடியாது. 1978இல் முதன்முதலாக விளக்கொளியில் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து பிரிஸ்டலின் பெயரே அந்தப் பந்தயத்தால்தான் நிற்கிறது. சாரதிகள் ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்த பாட்டு ஒலிக்க மேடைக்கு வருவார்கள். விளக்கொளியில் கார்களின் நிறம் மின்னுவதையும், நெருப்புப் பொறி தெறிப்பதையும் பகலில் பார்க்க முடியாது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதைக் காட்டத்தானே சித்தப்பா துடிக்கிறார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்தச் செப்டெம்பர் வாரத்தில் முதற்தரப் பந்தயம் மட்டும் நடப்பதில்லை. வழமையாக வியாழன் இரவு பிக்கப் லொறிகளுக்கும், வெள்ளி இரவு இரண்டாந்தரக் கார்களுக்கும் பந்தயம் வைக்கிறார்கள். வெள்ளிப் பந்தயம் 300 சுற்று. கூட்டம் குறைவு, நுழைவுச்சீட்டு மலிவு, முடிவதும் முன்னதாக. மாமியும் மகளும் வெள்ளி இரவு எல்லோரோடும் வந்து பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் நூறு சுற்றோடு எழும்பி வரலாம், பெரிய நட்டமில்லை. சனிக்கிழமை மகனும் கணவரும் மைத்துனரும் பெரிய பந்தயத்துக்குப் போகட்டும். மாமி விரதத்தை விடுதியில் அமைதியாக முடிக்கலாம்.

மகனுக்கு ஒரு ஸ்கேனர் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். பெரிய காதுமூடியோடு வரும் சிறிய வானொலி அது. சாரதியும் அவருடைய குழுவும் பேசுவதை நேரடியாகக் கேட்கலாம். அரங்கின் உச்சியில் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் நின்று, "உள்ளே ஒருவன், இன்னும் உள்ளே, இப்போது விலகிவிட்டான்" என்று சாரதிக்குக் கண்ணாக இருப்பார். காருக்குள் இருக்கும் சாரதிக்குப் பக்கத்தில் வருகிறவன் சரியாகத் தெரிவதில்லை என்பது அதைக் கேட்ட பிறகுதான் விளங்கும்.


சீனக்குடா எழுதியது:

சகோதரியின் முதற் பயத்துக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. "அது வேறு, இது வேறு" என்பது உண்மைதான், ஆனால் எந்த விதத்தில் வேறு என்று சொல்ல வேண்டும். நான் இயந்திரவியல் படித்தவன். இரண்டு வகைப் பந்தயங்களையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

தியத்தலாவையில் நடப்பது மண்தடப் பந்தயம். மக்கள் தடத்தின் ஓரத்துக் கரைகளில் நின்று பார்த்தார்கள். கார் திசைமாறியபோது அதற்கும் மனிதருக்கும் நடுவே அதை நிறுத்தக்கூடிய எதுவும் இருக்கவில்லை. பிரிஸ்டலில் பார்வையாளர் எவரும் தடத்தின் மட்டத்தில் நிற்பதில்லை. தடத்தைச் சுற்றிக் கொங்கிரீட் மதில் இருக்கிறது. அதற்கு முன்னால் உருக்குக் குழாய்களாலான இன்னொரு சுவர், இரண்டுக்கும் இடையில் அழுந்தக்கூடிய நுரைக் கட்டிகள். கார் மோதும்போது உருக்குச் சுவர் உள்வாங்கி, அடியை நீண்ட தூரத்துக்குப் பரப்பிவிடுகிறது. சேஃபர் என்று பெயர்பெற்ற இந்தச் சுவரை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள்; 2002இல் இன்டியானாபொலிஸ் தடத்தில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். அதற்கு முந்திய ஆண்டு டேடோனா தடத்தில் ஏர்ன்ஹார்ட் மதிலில் மோதி இறந்த பிறகு, மற்றத் தடங்களும் அதைப் பொருத்துவதில் அவசரம் காட்டின. மதிலுக்கு மேல் தடித்த கம்பிவடங்கள் ஓடும் உயர்ந்த வேலி உட்புறமாக வளைந்து நிற்கிறது. எகிறும் காரைத் தடத்துக்கே திருப்பிவிடுவது அதன் வேலை.

ஆபத்தே இல்லை என்று நான் எழுத மாட்டேன். 2013 பெப்ரவரியில் டேடோனாவில் ஒரு கார் வேலியில் மோதிச் சிதறியபோது பாகங்கள் வேலியைக் கடந்து வந்து 20க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். டேடோனா இரண்டரை மைல் தடம். அங்கே கார்கள் ஓடும் வேகம் வேறு. பிரிஸ்டலில் ஒரு சுற்றுக்கு 15 செக்கன் என்று வைத்தால் சராசரி மணிக்கு 200 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். கார் காற்றில் எழும்புவதற்கு அந்த வேகம் இலகுவில் போதாது. அதனால் பிரிஸ்டல் விபத்துகள் பெரும்பாலும் மதிலோடும் தடத்தோடும் முடிந்துவிடுகின்றன. இருந்தாலும் வேலியை ஒட்டிய வரிசைகளைத் தவிர்ப்பதற்கு, வில்லூன்றியான் சொன்ன இறப்பர்த் துகளை விட இதுவே எனக்குப் பெரிய காரணம். மேலே இருங்கள்; பந்தயம் நடக்கும்போது பிள்ளையை வேலிப் பக்கம் இறங்க விடாதீர்கள். என் பிள்ளைகளை நான் அங்கே கூட்டிச் செல்வேன். தியத்தலாவைக் கரைகளில் நிற்கவிட மாட்டேன்.


உவர்மலை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சீனக்குடா அண்ணாவின் விளக்கத்தைக் கணவருக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளிக்கிழமை நானும் வாறன்" என்றார். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. மைத்துனருக்கு ஏப்ரலில் விடுப்புக் கிடைக்காது என்பதால் சாம்பல்தீவு அண்ணாவின் யோசனையை இம்முறை ஏற்க முடியவில்லை. ஆகவே, வெள்ளி இரவு எல்லோரும், சனி இரவு ஆண்கள் மூவரும் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமியின் காது மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். வெள்ளி இரவுக்கு மரக்கறிச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு போகலாமா? வீசா கிடைக்கும் முன்பே நுழைவுச்சீட்டு எடுத்துவிடட்டுமா என்று மைத்துனர் கேட்கிறார், எடுக்கலாமா?


வில்லூன்றியான் எழுதியது:

சாப்பாடு கொண்டு போகலாம். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்ரிக் பையும், 14 அங்குலத்துக்கு மேற்படாத மென்மையான குளிர்காப்புப் பையும் அனுமதிப்பது அங்கே வழக்கம். கண்ணாடிப் போத்தல் கூடாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்த வாரம் ஸ்பீட்வேயின் இணையப்பக்கத்தை மைத்துனர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். தயிர்ச்சாதமும் புளிச்சாதமும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டால் நல்லது. உள்ளே விற்பது பெரும்பாலும் இறைச்சி வகைதான். மாமிக்குப் பொரித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் தேறாது.

நுழைவுச்சீட்டை வீசாவுக்கு முன் எடுக்க வேண்டாம். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். நேர்முகம் கொழும்பிலுள்ள தூதரகத்தில். விண்ணப்பக் கட்டணத்தை, வீசா மறுக்கப்பட்டாலும் திருப்பித் தர மாட்டார்கள். அதோடு நுழைவுச்சீட்டுக் காசையும் சேர்த்து இழக்க வேண்டாம். பிரிஸ்டலில் இடங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். 2016இல் அதே அரங்கில் நடந்த பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றுக்கு 156,990 பேர் வந்திருந்தார்கள். வெள்ளிப் பந்தயத்துக்கு இருக்கை இல்லாமற் போகும் என்று பதற வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட இருக்கைகள் மட்டுமே குறைவு. அவற்றை வீசா வந்த அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பகலில் மாமியையும் மகளையும் பிரிஸ்டல் நகரின் ஸ்டேட் வீதிக்குக் கூட்டிச் செல்லுங்கள். வீதியின் நடுவால் இரு மாநிலங்களின் எல்லை போகிறது. பித்தளை அடையாளங்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு காலை டென்னசியிலும் மற்றக் காலை வர்ஜீனியாவிலும் வைத்துப் பிள்ளையைப் படம் எடுக்கலாம். அங்கே படிக்கட்டு ஏதும் இல்லை.